வவுனியாவுக்குப் போகும் கண்

என் கணவருக்கு ஒரு கண் பிளாஸ்டிக். இடது கண். கலியாணம் முடித்த நாளிலிருந்து அதை நான் அவருடைய முகத்தில் மட்டும்தான் கண்டிருந்தேன். வெளியே எடுத்து ஒருநாளும் காணவில்லை. வவுனியாவில் ஒருத்தி கண்டிருக்கிறாள். கையில் வாங்கியிருக்கிறாள், கழுவியிருக்கிறாள், வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். அதை நினைத்தால் எனக்கு வயிறு பற்றி எரியும். இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

கண் போனது கலியாணத்துக்கு முந்திய கதை. சண்டைக் காலத்தில் விழுந்த செல்லின் துண்டு. வன்னியில் அந்தக் கதையை யாரும் அதற்கு மேல் கிண்டிக் கேட்பதில்லை. பெண் பார்க்க வந்தபோதே அவர் வீட்டார் சொல்லிவிட்டார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. ஆள் நல்ல உயரம். விசுவமடுவில் வாய்க்காலோடு ஒட்டிய வயல். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் சைக்கிள் ஓடும் தூரம். ஆனால் கலியாணம் முடித்த கையோடு மனுசன் ஒரு சட்டம் போட்டார்.

"நான் கண் கழுவேக்க வராதையும்."

அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை. காலையில் குளியலறைக் கதவின் கொளுக்கி விழும் சத்தம் கேட்கும். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி நிற்பேன். ஆரம்பத்தில் சில தந்திரங்களும் செய்து பார்த்தேன். "இஞ்சேருங்கோ, துவாய் வேணுமோ?" என்று கதவில் தட்டுவேன். "இருக்கு" என்று பதில் வரும். "சவர்க்காரம்?" "அதுவும் இருக்கு." பிறகு கதவைத் திறந்துகொண்டு வரும்போது கண் தன் இடத்தில் இருக்கும், இரண்டு கண்ணும் என்னைப் பார்க்கும். படுக்கும்போதும் அது உள்ளேதான். காய்ச்சலில் கிடந்தபோதும் உள்ளேதான். பிள்ளை பெற்றுக்கொடுத்தேன், மாமியாருக்கு மருந்து கட்டினேன், அவருடைய முதுகுப் புண்ணுக்கு எண்ணெய் போட்டேன். அந்த ஒரு இடம் மட்டும் எனக்கு இல்லை.

வருசத்துக்கு ஒருமுறை அந்தக் கண்ணை மினுக்க வேண்டும். வவுனியாவில் செயற்கைக் கண் செய்துகொடுக்கும் சின்ன இடம் ஒன்று இருக்கிறது. பரந்தன் வரை மோட்டார் சைக்கிளில் போய், தெரிந்த கடையில் அதை நிறுத்திவிட்டு, வவுனியா பஸ் பிடிப்போம். வயலுக்குப் போட்ட சேட்டை மாற்றச் சொல்லி நான் கெஞ்ச வேண்டிய மனுசன், அன்றைக்கு மட்டும் தானே அயர்ன் பண்ணி வைத்திருப்பார்.

"ஆருக்கு இந்த எடுப்பு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆஸ்பத்திரி மாதிரி இடமெல்லே. சேறோட போகேலுமே?"

பிள்ளைகளின் பரிசளிப்புக்கு எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சேறோடு வந்தவர் இவர்.

அங்கே கண்ணை மினுக்கிக் கொடுக்கிற அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னை விட வயது குறைவு. வடிவென்றும் சொல்ல முடியாது, வடிவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு முடிவுக்கு வர முடியாததே எனக்குக் கூடுதல் எரிச்சல். நகம் ஒட்ட வெட்டிய சுத்தமான கைகள். அந்தக் கைகளைத்தான் நான் எப்போதும் பார்ப்பேன். கதவைத் திறந்து, "அண்ணை, வாங்கோ" என்பாள். அண்ணை என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்ன! நானும் எழும்புவேன். "நீர் இரும்" என்பார் இவர். நான் இருப்பேன்.

வெளியே நீலப் பிளாஸ்டிக் கதிரை. சுவரில் கை கழுவும் முறை பற்றிய படம். கதவுக்குப் பின்னால் தண்ணீர் ஓடும், மினுக்குகிற மெசின் உறுமும், நடுவில் சிரிப்புச் சத்தம் வரும். அவளுடைய சிரிப்பு மட்டுமல்ல, இவருடையதும். வீட்டில் இவர் சிரிப்பது பெருநாள் வருவது மாதிரி. கண் இல்லாத முகத்தோடு உள்ளே இருந்து என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? நான் கை கழுவும் படத்தை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்து முடிப்பேன்.

வெளியே வரும்போது கண் பளபளவென்று இருக்கும். உண்மையைச் சொல்ல வேண்டும், உயிருள்ள கண்ணை விட அதில் உயிர் கூட.

"எப்பிடி?" என்பார்.

"வெளிச்சமாத்தான் கிடக்கு."

அதற்குப் பிறகு நாலு நாளைக்கு என் முகம் உம்மென்று இருக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்திருப்பேன்.

போன வருசம் அந்தக் கண் மங்கத் தொடங்கியது. மினுக்கிக் கொண்டுவந்து சில வாரம் போகவில்லை, நடுவில், இமைகள் திறந்திருக்கும் இடத்தில், பால் தெளித்துக் காய்ந்ததுபோல ஒரு படலம். பின்னேரமானால் இமையோரத்தில் பீளை. இமை மூடித் திறக்கும்போது எங்கோ பிடிப்பதுபோல அவர் அடிக்கடி கண்ணைச் சிமிட்டினார். "மிஸ்ஸிட்ட ஒருக்காக் காட்டோணும்" என்றார். அவளை அப்படித்தான் கூப்பிடுவார். போனோம். மினுக்கினாள். திரும்பவும் மங்கியது. திரும்பவும் மிஸ். வருசத்துக்கு ஒருமுறை போன வவுனியா, பிறகு மழைக்கு ஒருமுறை வெயிலுக்கு ஒருமுறை என்றாகிவிட்டது.

எனக்கு வந்த சந்தேகத்தை நான் ஏன் ஒளிக்க வேண்டும்? வேண்டுமென்றே பழுதாக்குகிறார் என்று நினைத்தேன். அங்கே போகக் காரணம் தேடுகிறார் என்று நினைத்தேன். வகுப்பில் அமிலம், காரம் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பேன், மனம், பூட்டிய அந்தக் கதவுக்கு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் நியாயமாக இருக்க விரும்பிய நாட்களில் எங்கள் கிணற்றைக் குற்றம் சொன்னேன். எங்கள் பக்கத்துத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கேத்திலுக்குள் வெள்ளைக் கல் பிடிக்கும். அதுதான் கண்ணிலும் பிடிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த முறை போனபோது உள்ளே வேலை முடிந்து, கதவு திறந்து, அவள் தலையை நீட்டினாள்.

"அக்கா, நீங்கள் ஒருக்கா வாங்கோ. அண்ணை, நீங்கள் கொஞ்சம் வெளியில இருங்கோ."

இன்றைக்காவது காண்பேன் என்று எழும்பினேன். ஆனால் இவர் என்னைக் கடந்து வெளியே போகும்போது கண் தன் இடத்தில் பூட்டித்தான் இருந்தது. இப்போது கை கழுவும் படத்துக்கு முன்னால் அவர், கதவுக்கு உள்ளே நான். மேசையில் பளிங்குத் தட்டு, பஞ்சு, கண்ணாடிப் பெட்டிக்குள் மாதிரிக்கு வைத்த கண்கள். முழு உருண்டை இல்லை, சிப்பி மாதிரி வளைந்த துண்டுகள். அதை அன்றைக்குத்தான் அவ்வளவு கிட்டவாகப் பார்த்தேன்.

"வீட்டுத் தண்ணியால வந்த கல்லோ?" என்று முந்திக்கொண்டு கேட்டேன். விஞ்ஞான ரீச்சர் என்பதை எங்காவது காட்ட வேண்டுமே.

"இல்லை அக்கா. கல்லெண்டா புளித்தண்ணிக்குக் கரையும். இது கரையேல்லை. இது கண்ணீரில இருந்து வாற புரதம்."

இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை என் முன்னால் வைத்தாள். ஒன்று நன்றாக மினுக்கித் தண்ணீருக்குள் கிடந்தது. மற்றது கீறல் விழுந்து காய்ந்தது. துளிவிடும் குழாயால் ஒவ்வொன்றிலும் ஒரு துளி விட்டாள். முதலாவதில் துளி பரவிப் படிந்தது. இரண்டாவதில் அது குமிழாக எழும்பி நின்றது, இறங்க மனமில்லாமல்.

"தண்ணி உப்பிடிப் பரவுற இடத்தில தண்ணியே முதல் இடம் பிடிச்சிடும், அக்கா. புரதம் பேந்து வந்தாலும் லேசா இருந்திட்டுக் கழுவுப்பட்டுப் போயிடும். தண்ணி ஒட்டாத இடத்திலதான் அது வந்து அப்பிக்கொள்ளும். காய்ஞ்சுதெண்டா பிறகு சும்மா போகாது. பால் காய்ச்ச முதல் சட்டிக்க கொஞ்சம் தண்ணி விட்டுச் சுழட்டுவியளெல்லே? அது மாதிரித்தான்."

என் குசினிக்குள்ளும் வந்துவிட்டாள் பாருங்கள்! பால் சட்டியில் தண்ணீர் சுழற்றுகிறவள் நான். முட்டை வெண்கருவைச் சூடாக்கி, புரதம் குலைந்தால் பழைய நிலைக்குத் திரும்பாது என்று வருசாவருசம் படிப்பிக்கிறவளும் நான். பரப்பின் உள்ளே போகாமல் மேலேயே ஒட்டிக்கொள்வதற்குப் புறத்துறிஞ்சல் என்று பெயர், அதைக் கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போடுகிறவளும் நான்தான். என் வீட்டுக் கண்ணில் நடப்பதை இவள் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது.

"மெல்லிசாப் படியிறது நல்லது, அக்கா" என்று அவள் தொடர்ந்தாள். "இமைக்குப் பின்னால அதுதான் வழுக்கக் குடுக்கும். அதுக்காகத்தான் சும்மா சும்மா கழட்டிக் கழுவ வேண்டாம் எண்டு சொல்லுறனான். ஆனா அண்ணையின்ர கண்ணில கீறல் கிடக்கு. சுத்திச் சுத்தி எதாலயோ தேய்ச்ச கீறல். நான் மினுக்கி விடுறன், அவர் திரும்பவும் கீறலோட வாறார். கேட்டா சிரிக்கிறார். நீங்கள் ஒவ்வொரு நாளும் பாக்கிறனீங்கள்தானே, எதால கழுவுறவர்?"

ஒவ்வொரு நாளும் பாக்கிறனீங்கள்தானே.

அவள் குத்திச் சொல்லவில்லை. அவளுக்கு அது சந்தேகமே இல்லாத விசயம். பெண்சாதி பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? நான் பார்த்ததில்லை என்று அவளிடம் சொல்வதை விட அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் ஒளித்துக்கொள்ளலாம்.

"ஓம், பாக்கிறனான்" என்றேன். "தண்ணியாலதான் கழுவுறவர்."

திரும்பும் வழியில் மாங்குளத்தில் பஸ் நின்றது. இவர் கடலைச் சரையை என் மடியில் வைத்தார். நான் தொடவில்லை. யன்னலால் பார்த்துக்கொண்டு அந்த இரண்டு துளிகளைப் பற்றியே யோசித்தேன். முதலில் வந்து யார் இடம் பிடிக்கிறார்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது. தண்ணீர் முந்தினால் புரதத்துக்கு இடமில்லை. புரதம் முந்தினால், தண்ணீரை விரும்பாத தன் உள்பக்கத்தைப் பிரித்து விரித்துக் கையையும் காலையும் பரப்பி ஒட்டிக்கொள்ளும். பிறகு அதை அசைக்க முடியாது. எனக்கு முன்னால் அவள் வந்து இடம் பிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். நான் படிப்பிக்கிற பாடமே என் வயிற்றெரிச்சலுக்குச் சாட்சி சொல்ல வந்ததுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை. சாமித்தட்டில் திருநீறு இல்லை. போன கிழமைதான் புதுப் பைக்கற் உடைத்துக் கொட்டியிருந்தேன். எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் அள்ளிப் பூசுகிறவள். இவர் கோயிலில் ஐயர் கொடுத்தால் நெற்றியில் ஒரு கோடு இழுப்பார், அதோடு சரி. பிள்ளைகளைக் கேட்டேன், தெரியாது என்றார்கள். பின்னேரம் குளியலறை கழுவும்போது மேல் யன்னலின் மூலையில் சின்னத் துணி ஒன்று மடித்துச் செருகியிருந்தது. விரித்தேன். ஈரம் காய்ந்த சாம்பல் வட்டம். முகர்ந்து பார்த்தேன். திருநீறு.

பொங்கலுக்கு முன் என் வெள்ளிக் குங்குமச் சிமிழை நான் எப்படி மினுக்குவேன் என்று உடனே நினைவு வந்தது. ஈரத்துணியில் திருநீற்றைத் தொட்டு, சுற்றிச் சுற்றி. எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கு எல்லாரும் அதுதான் செய்வோம். வெள்ளி தாங்கும். பிளாஸ்டிக் எப்படித் தாங்கும்? கண்ணுக்குத் தெரியாத கீறலெல்லாம் விழுந்து, கீறலுக்குள் புரதம் போய் இருந்து, துடைத்துக் காயவைக்கக் காயவைக்க இறுகி...

துணியைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தேன். இவர் குசினி வாசலில் இருந்து மண்வெட்டிக்குப் பிடி இறுக்கிக்கொண்டிருந்தார்.

"உது என்ன?"

பார்த்தார். மறைக்கவில்லை. "கண் மினுக்கிற துணி."

"திருநீறாலயோ?"

"ஓம். நீர் சிமிழ் மினுக்கேக்க பாத்தனான். என்ன மாதிரி மினுங்கினது அண்டைக்கு!"

"கோதாரி! உங்களுக்கென்ன விசரே? ஒவ்வொரு நாளுமே?"

"ஒவ்வொரு நாளும்தான். மங்க மங்க இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ச்சனான்."

"ஏன்? மினுக்கிறதுக்கெண்டு அங்க ஒருத்தி இருக்கிறாளெல்லே, உங்கட மிஸ்! அவளின்ர கை காணாதே?"

மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"வவுனியா எண்டாலே நீர் நாலு நாளைக்கு முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரியிறீர். வீட்டிலயே மினுக்கினா அங்க போற வேலை இல்லைத்தானே எண்டு பாத்தன்."

நான் வாசற்படியில் இருந்துவிட்டேன். கணக்குப் போட அதிக நேரம் எடுக்கவில்லை. நான் முகத்தைத் தூக்கினேன், அதனால் அவர் திருநீறு எடுத்தார். திருநீறு கீறியது, கீறலில் புரதம் பிடித்தது, கண் மங்கியது, மங்கியதால் வவுனியா. வவுனியாவால் நான் இன்னும் முகத்தைத் தூக்கினேன். அவரை அந்தக் கதவுக்குள் தள்ளித் தள்ளி விட்டது நானேதான். சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முந்தியது.

"அவளுக்குக் காட்டுறியள். எனக்கு ஏன் காட்டேல்லை?"

இத்தனை வருசமும் தொண்டைக்குள் வைத்திருந்தது அப்படியே வெளியே விழுந்தது. குரலும் கொஞ்சம் கூடிவிட்டது. பக்கத்து வளவில் நாய் குரைத்தது.

"அவா பாத்தா கண்ணைத்தான் பாப்பா" என்றார். "நீர் பாத்தா என்னையெல்லே பாப்பீர்."

அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டேன். அவர் எழும்பி வந்து என் கையிலிருந்த துணியை எடுத்து அடுப்புக்குள் போட்டார். பிறகு மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டார், வயலுக்குத் தண்ணீர் திருப்பும் முறை அன்றைக்கு எங்களுடையது. காட்டவில்லை. சொன்னார், ஆனால் காட்டவில்லை. அன்றைக்குத் திருநீற்றுப் பைக்கற்றை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

கீறலை எடுக்க இன்னொருமுறை வவுனியா போகத்தான் வேண்டியிருந்தது. அயர்ன் பண்ணின சேட்டு. இந்த முறை அதை நான் அயர்ன் பண்ணினேன், கையில் ஒரு சுருக்கம் வேண்டுமென்றே விட்டேன். பஸ்ஸில் கடலை வாங்கித் தந்தார், சாப்பிட்டேன். நீலக் கதிரையில் போய் இருந்தேன். கதவு திறந்தது.

"அண்ணை, வாங்கோ."

இவர் எழும்பினார். நான் கை கழுவும் படத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். அவர் போகவில்லை. என் கதிரைக்கு முன்னால் நின்றார்.

"இவாவும் வரட்டும், மிஸ்" என்றார்.

"அதுக்கென்ன, வாங்கோ அக்கா" என்றாள் அவள், பெரிய விசயமில்லை என்பதுபோல.

உள்ளே இவர் உயரமான கதிரையில் இருந்தார். அவள் கையுறை போட்டுக்கொண்டு, "திருநீறோ, அண்ணை! எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லே?" என்று சிரித்தாள். காலையிலேயே ரெலிபோனில் நான்தான் சொல்லியிருந்தேன். கண்டுபிடித்தது நான் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? பிறகு, பழக்கமாக, பார்க்காமலே கையை நீட்டினாள். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குப் பழைய எரிச்சல் அப்படியே ஏறியது.

இவர் குனிந்தார். பெருவிரலால் கீழ் இமையை இழுத்தார். கண் வழுக்கி வெளியே வந்தது. பிறகு தலையை நிமிர்த்தி என் பக்கம் திரும்பினார்.

பார்த்தேன். இமை உள்வாங்கியிருந்தது. உள்ளே வாயின் உட்பக்கம்போல இளஞ்சிவப்பு, ஈரம். அவ்வளவுதான். பயப்பட ஒன்றுமில்லை, அருவருக்க ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் அவருக்கு வயது கூடுதலாகத் தெரிந்தது. மற்றக் கண், அவருடைய சொந்தக் கண், என் முகத்தை விட்டு அசையவில்லை. நான் என்ன செய்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் கை இன்னும் நீட்டியபடிதான் இருந்தது. அவர் அதைத் தாண்டிக் கையைக் கொண்டுவந்து, கண்ணை என் உள்ளங்கையில் வைத்தார்.

கண்ணாடிபோல் குளிர்ந்திருக்கும் என்றுதான் நான் எப்போதும் நினைத்திருந்தேன். சூடாக இருந்தது. அவருடைய உடம்பின் சூடு, அவருடைய கண்ணீரின் ஈரம், ஒரு மெல்லிய வழுவழுப்பு. இந்தச் சூட்டை வருசாவருசம் இவள் கையில் வாங்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் நினைத்தேன், என்ன செய்ய!

"அக்கா, தாங்கோ" என்றாள்.

விரல்களை மூடிக்கொண்டேன்.

"காய முதல் தாங்கோ அக்கா."

"காயாது" என்றேன். "கொஞ்சம் பொறும்."